கல்லில் எழுதியது, கம்பியில் கட்டியது

2018 ஜூன் 18. காலை எட்டு மணி ஆக இரண்டு நிமிடம் இருந்தது. ஒசாகாவுக்கு வடக்கே தகாத்சுகி என்ற ஊரில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். பள்ளியின் நீச்சல்குளத்தைச் சாலையிலிருந்து மறைக்க எழுப்பிய ஹாலோ பிளாக் சுவரோரம் அவள் வந்தபோது நிலம் குலுங்கியது. சுவர் சாலைப் பக்கம் சாய்ந்தது. அவள் பிழைக்கவில்லை.

6.1 அளவுள்ள அந்த அதிர்ச்சியை ஜப்பானில் பெரிய பூகம்பம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தச் சுவர் அடிச்சுவரோடு சேர்த்து மூன்றரை மீட்டர் உயரம். சட்டப்படி 2.2 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. பின்னால் முட்டுச்சுவரும் இல்லை. அந்தச் சட்டம் அவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் 1978. அந்த ஆண்டு செண்டாய் பக்கம் வந்த மியாகி பூகம்பத்தில் இறந்தவர்கள் 28 பேர். அதில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் காம்பவுண்டு சுவரும் கேட் தூணும் மேலே விழுந்து இறந்தவர்கள். அதற்குப் பிறகுதான் விதியை இறுக்கினார்கள். நாற்பது வருடம் கழித்து, அதே ஜூன் மாதத்தில், ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரே அந்த விதியை மீறி நின்றிருக்கிறது.

நான் டோக்கியோவில் பழைய கட்டடங்களைப் பலப்படுத்தும் வேலையில் இருக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர். திருச்சிக்கு வரும்போதெல்லாம் உறவுக்காரர் யாராவது ஒருவர், "ஜப்பான்காரன் பூகம்பத்தையே ஜெயிச்சிட்டானே!" என்பார். எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகத்துக்கு வரும். ஜப்பான் ஜெயிக்கவில்லை. அடி வாங்குகிறது, எழுதி வைக்கிறது, பிறகு பாதியை மறந்துவிடுகிறது. எந்தப் பாதி தங்கியது, எது போயிற்று என்று பார்ப்பதுதான் என் தொழிலில் எனக்குப் பிடித்த பகுதி.

என் அலுவலகம் இருக்கும் ரியோகோகு, சுமோ மல்யுத்த அரங்கம் உள்ள பேட்டை. அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் யோகோஅமிச்சோ பூங்கா. 1923-இல் அது, ராணுவ உடுப்புத் தொழிற்சாலையைக் காலி செய்துவிட்டுப் போன வெற்றுத்திடல். அந்த வருடம் செப்டம்பர் 1, பகல் 11:58-க்கு 7.9 அளவில் பூகம்பம். வீட்டுக்கு வீடு மதியச் சமையலுக்கு அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம். மரவீடுகள் சரிந்து அடுப்பின் மேலே விழுந்தன. நகரத்தில் தீ பரவ, ஜனங்கள் திறந்த வெளி என்று நம்பி இந்தத் திடலுக்கு ஓடிவந்தார்கள். மெத்தை, அலமாரி, துணி மூட்டை என்று வண்டி வண்டியாகச் சாமானும் வந்தது. தீக்கு அதைவிட நல்ல விறகு வேண்டுமா? நெருப்பு சூறாவளியாகச் சுழன்று திடலுக்குள் இறங்கியது. அந்த ஒரே இடத்தில் ஏறக்குறைய 38,000 பேர் எரிந்து போனார்கள். மொத்தப் பலி 1,05,000.

இது நடக்கும் என்று ஒருவர் முன்பே எழுதியிருந்தார். இமாமுரா அகித்சுனே, டோக்கியோ பல்கலைக்கழகத்தில் நிலநடுக்கத் துறை இணைப் பேராசிரியர். எடோ என்று அழைக்கப்பட்ட பழைய டோக்கியோவைப் பூகம்பங்கள் தாக்கிய வரலாற்றைக் கணக்குப் போட்டு, இன்னும் ஐம்பது ஆண்டுக்குள் டோக்கியோவுக்கு ஒன்று வரும், தீயை அணைக்க வழி செய்யாவிட்டால் லட்சம் பேருக்கு மேல் சாவார்கள் என்று 1905-இல் ஒரு பத்திரிகையில் எழுதினார். செய்தித்தாள்கள் அதை ஊதிப் பெரிதாக்கின. ஊரில் பீதி. துறைத் தலைவர் ஓமோரி ஃபுசாகிச்சி, உலகம் அறிந்த விஞ்ஞானி, தன் கீழே வேலை பார்ப்பவரின் கருத்தை ஆதாரமற்றது என்று பகிரங்கமாக மறுத்தார். 1923-இல் பூகம்பம் வந்தபோது ஓமோரி சிட்னியில் ஓர் ஆய்வகத்தின் நிலநடுக்கமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊசி துள்ளியதை அவரே கண்ணால் பார்த்தார். நோயாளியாகக் கப்பலில் திரும்பி நவம்பரில் இறந்தார். ஓமோரியை வில்லனாக்கி எழுதுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வதந்திக்கு அலறும் நகரத்தை அமைதிப்படுத்துவதும் ஒரு விஞ்ஞானியின் கடமை என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் அமைதிப்படுத்தியதோடு நின்றுவிட்டதுதான் கோளாறு. தீயணைக்கும் தண்ணீரைப் பற்றி இமாமுரா சொன்னதை அலறாமலே செய்திருக்க முடியும்.

அடுத்த வருடமே, 1924-இல், கட்டடச் சட்டத்தில் ஒரு சின்ன எண் ஏறியது: 0.1. கட்டடம் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு விசையால் பக்கவாட்டில் தள்ளப்பட்டாலும் நிற்க வேண்டும் என்பது அதன் பொருள். சானோ தோஷிகாதா என்ற கட்டடக்கலைப் பேராசிரியர் முன்பே உருவாக்கி வைத்திருந்த கணக்கு அது. பூகம்பத்துக்கு எண்ணில் கணக்கு வைத்து ஜப்பானில் சட்டம் எழுதப்பட்டது அதுதான் முதல் தடவை. புவியீர்ப்பு கட்டடத்தைக் கீழே இழுக்கிறது, பூகம்பம் பக்கத்தில் தள்ளுகிறது. அந்த இரண்டாவது விசையை எண்ணாக்கியதும், கொத்தனாரின் அனுபவத்தில் இருந்த விஷயம் தாளில் சரிபார்க்கக்கூடியதாக மாறியது. என் தொழில் பிறந்தது அங்கேதான் என்பேன்.

அதே 1923-இல் இன்னொன்றும் நடந்தது. கொரியர்கள் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்று வதந்தி பரவி, ஊர்க்காவல் கும்பல்களும் சில இடங்களில் ராணுவமும் போலீஸும் ஆயிரக்கணக்கான கொரியர்களைக் கொன்றன. யோகோஅமிச்சோ பூங்காவின் ஒரு மூலையில் அவர்களுக்கு 1973-இல் வைத்த நினைவுக்கல் இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கே நடக்கும் அஞ்சலிக்கு டோக்கியோ ஆளுநர்கள் இரங்கல் செய்தி அனுப்புவது வழக்கமாக இருந்தது. 2017 முதல் ஆளுநர் கொய்கே அதை நிறுத்திவிட்டார். கம்பி, சிமென்ட் சம்பந்தப்பட்ட பாடத்தைக் கற்றுக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தங்களைப் பற்றிய பாடம் என்றால்தான் தொண்டையில் நிற்கிறது.

1923 தீயைக் கற்பித்தது. அதனால் ஜப்பான் பல காலம் தீக்கே தயாரானது. நில அதிர்வு வந்ததும் முதலில் அடுப்பை அணை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றைக்கு வீட்டு வாசலில் இருக்கும் காஸ் மீட்டரே பலமான ஆட்டத்தை உணர்ந்து தானாக நின்றுவிடும். அதை நல்ல பாடம் என்று நான் சொல்வதற்குக் காரணம், மனிதர்கள் மறந்தாலும் மீட்டருக்கு மறதி இல்லை.

1995 ஜனவரி 17 அதிகாலை 5:46-க்குக் கோபேவில் வந்தது வேறு கேள்வி. பூகம்பம் என்றால் டோக்கியோவுக்கு, கோபே இருக்கும் கான்சாய் பக்கத்துக்கு இல்லை என்று அங்கே ஒரு நம்பிக்கை ஊறிக் கிடந்தது. 6,434 பேர் இறந்தார்கள். உடனடியாக மாண்டவர்களில் ஐந்தில் நாலு பங்கு, தூங்கிய இடத்திலேயே வீட்டுக்கடியில் நசுங்கிப் போனவர்கள். மழைக்கும் புயலுக்கும் தாங்கட்டும் என்று மண்ணைக் குழைத்து வைத்து அடுக்கிய கனத்த ஓட்டுக் கூரை, அதைத் தாங்கச் சுவரே போதாத கீழ்த்தளம். இடிபாட்டுக்குள் கிடந்தவர்களில் பெரும்பாலோரை வெளியே எடுத்தது தீயணைப்புப் படையல்ல, பக்கத்து வீட்டுக்காரர்கள்.

இடிந்தவற்றை வயதுவாரியாகப் பிரித்தபோது ஒரு கோடு பளிச்சென்று தெரிந்தது. 1981 ஜூனில் கட்டட விதியைப் புதுப்பித்திருந்தார்கள். அதற்குப் பின் கட்டியவை பெரும்பாலும் நின்றன, முன் கட்டியவை விழுந்தன. இன்றும் ஜப்பானில் வீடு வாங்கப் போகிறவர் சமையலறையைப் பார்ப்பதற்கு முன் 81-க்கு முன்னாலா பின்னாலா என்று கேட்பார். கோபேவுக்குப் பிறகு, 1995-இலேயே, பழைய கட்டடங்களைப் பலப்படுத்தத் தனிச் சட்டம் வந்தது. எங்கள் ஆபீஸுக்குச் சோறு போடுவது அந்தச் சட்டம்தான்.

பள்ளிக்கூடங்களில் இந்தச் சட்டம் அற்புதமாக வேலை செய்தது. 2002-இல் நாட்டின் அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிக் கட்டடங்களில் பாதிகூடப் பூகம்பத்துக்குத் தகுதியானவையாக இல்லை. இன்று ஏறக்குறைய எல்லாமே தேறிவிட்டன. ரயிலில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே பெருக்கல் குறி போல இரும்புச் சட்டங்கள் பதித்த பள்ளிகளைப் பார்க்கலாம். அழகில்லை என்று முதலில் சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அது அழகாகத்தான் தெரிகிறது.

வீடுகளில்தான் நாங்கள் தோற்கிறோம். என் பகுதியில் ஒரு பாட்டி, எண்பது தாண்டியவர். 81-க்கு முந்தைய மரவீடு. சோதனை இலவசம், பலப்படுத்தும் செலவில் ஒரு பகுதியை நகராட்சி கொடுக்கும் என்று காகிதங்களோடு போய் உட்கார்ந்தேன். தேநீர் கொடுத்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எனக்கு இன்னும் எத்தனை வருஷம்? பிள்ளைகள் இங்கே திரும்பி வரப்போவதில்லை. நான் போன பிறகு இடித்துவிடுவார்கள். நீங்கள் நல்ல பிள்ளை, சிரமப்படாதீர்கள்" என்றார். பதில் என்ன சொல்வது? கடைசியில் அவர் படுக்கும் அறையை மட்டும் கட்டிப்போடலாம் என்று பேசி முடித்தோம். 2024 புத்தாண்டு அன்று நோதோ தீபகற்பத்தில் 7.6 அளவில் பூகம்பம் வந்து பழைய ஓட்டு வீடுகள் வரிசையாகத் தரைமட்டமான படங்களைப் பார்த்தபோது, அங்கும் இத்தகைய பாட்டிகள்தான் இருந்திருப்பார்கள் என்று தோன்றியது. அங்குள்ள வாஜிமாவிலும் சுசுவிலும் பாதிக்குப் பாதி வீடுகள்தான் தகுதி பெற்றிருந்தன. எல்லாம் தெரிந்தும் நடக்காத விஷயம் இது. முதுமையும் பணமும் ஆள் குறையும் கிராமமும் குறுக்கே நிற்கும்போது பொறியியல் பாடம் வாசற்படியோடு நின்றுவிடுகிறது.

கடலோரக் கதை இன்னும் சிக்கல். வடகிழக்கே சன்ரிக்கு கரையை 1896-இலும் 1933-இலும் சுனாமி அழித்தது. முதல் தடவை 22,000 பேர், இரண்டாவது தடவை 3,000 பேர். மியாகோ நகரைச் சேர்ந்த அனேயோஷி என்ற குப்பத்தில் 1896-இல் தப்பியவர்கள் இருவர், 1933-இல் நால்வர். அதன் பிறகு மலைப்பாதையில் ஒரு கல் நட்டார்கள். இதற்குக் கீழே வீடு கட்டாதே என்பது சாரம். 2011 சுனாமியில் அந்தப் பள்ளத்தாக்கில் கடல் நாற்பது மீட்டர் உயரம்வரை ஏறி வந்து, கல்லை எட்டாமல் நின்றது. மேலே இருந்த வீடுகளில் ஒன்றுகூடப் போகவில்லை.

உலகப் பத்திரிகைகள் எல்லாம் இந்தக் கல்லைப் படம் எடுத்துப் போட்டன. அந்தக் கரையில் இதுபோலக் கற்கள் நூற்றுக்கணக்கில் உண்டு, பெரும்பாலான ஊர்களில் அவை பயன்படவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். யாமாகுச்சி யாஇச்சிரோ என்ற புவியியல் அறிஞர் 1933-க்குப் பிறகு அந்த ஊர்களை நடந்தே சுற்றி, மேட்டுக்குக் குடிபோனவர்கள் ஏன் திரும்பிக் கீழே வருகிறார்கள் என்று விசாரித்தார். காரணங்கள் எல்லாம் நியாயமானவை. மேட்டில் தண்ணீர் இல்லை. வலையையும் மீனையும் தூக்கிக்கொண்டு தினமும் ஏற முடியவில்லை. பூர்வீக மனையை விட மனம் இல்லை. சுனாமியே பார்க்காத வெளியூர்க்காரன் வந்து கரையில் குடிசை போட்டு நல்ல மீன்பாடு அடிக்கிறான், அதைப் பார்த்து மேலே இருப்பவனும் இறங்குகிறான். அடுத்த அலைக்குப் பத்து வருடமா எழுபது வருடமா என்று யாருக்கும் தெரியாது, இன்றைய மீன் மட்டும் நிச்சயம். நாகப்பட்டினத்து மீனவரிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

தாரோ என்ற ஊர் வேறு முடிவு எடுத்தது: நகர மாட்டோம், மதில் கட்டுவோம். பத்து மீட்டர் உயரம், 2.4 கிலோமீட்டர் நீளம். 2011-இல் அலை மதிலைத் தாண்டியது. மதிலை நம்பி வீட்டிலேயே இருந்தவர்கள் உண்டு, அதன் உயரத்தால் கடலே கண்ணில் படாமல் தாமதித்தவர்களும் உண்டு. இதற்கு நேர் எதிர் ஃபுதாய் கிராமம். வாமுரா கோதோகு என்ற தலைவர் 1933-இன் பிணங்களை நேரில் பார்த்தவர். 1896-இல் அலை பதினைந்து மீட்டர் வந்ததாகப் பெரியவர்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, 15.5 மீட்டருக்குச் சுவரும் ஆற்றின் குறுக்கே மதகும் வேண்டும் என்று நின்றார். காசைக் கரைக்கிறார் என்று ஏசினார்கள். 1984-இல் மதகு முடிந்தது. அவர் இறந்து பல வருடம் கழித்து வந்த 2011 அலையில், படகைப் பார்க்கப் போன ஒருவரைத் தவிர ஊரில் யாரையும் கடல் கொண்டுபோகவில்லை. ஐந்தரை மீட்டர் வித்தியாசம்தான். ஆனால் நேர்மையாகச் சொன்னால் ஃபுதாய்க்கு அதிர்ஷ்டமும் இருந்தது. அலை இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருந்தால் வாமுராவின் பெயரைத் தாரோவோடு சேர்த்து எழுதியிருப்பார்கள்.

மதிலைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கமாஇஷி. அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதாதா தோஷிதாகா என்ற பேராசிரியர் பல வருடம் சொல்லிக்கொடுத்தது மூன்று விஷயம்: அபாய வரைபடத்தை நம்பாதே, அந்த நேரத்தில் உன்னால் முடிந்ததை எல்லாம் செய், மற்றவருக்காகக் காத்திராமல் நீ முதலில் ஓடு. உனோசுமாஇ பகுதியில் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளும் ஓடினார்கள். குறித்து வைத்த இடம் போதாது என்று தோன்றவே இன்னும் மேலே, அதற்கும் மேலே என்று ஏறித் தப்பினார்கள்.

அதே உனோசுமாஇயில் ஒரு பேரிடர் தடுப்பு மையம் இருந்தது. பேரைப் பாருங்கள்! ஆனால் சுனாமிக்கு ஒதுங்கும் இடமாக அதைக் குறிக்கவே இல்லை. சரியான இடம் மலைமேல். வயதானவர்களால் அவ்வளவு தூரம் ஏற முடியவில்லை, ஒத்திகைக்கு ஆள் சேரவில்லை. சரி, ஒத்திகைக்கு மட்டும் மையத்திலேயே கூடுவோம் என்று வைத்துக்கொண்டார்கள். 1933-இன் நினைவு நாளான மார்ச் 3 அன்று, 2011-இலும் அப்படித்தான் நடந்தது. எட்டு நாள் கழித்து நிஜமாக வந்தபோது, கால்கள் பழகிய இடத்துக்கே போயின. அங்கே 160 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒத்திகை ஒரு பாடத்தைக் கற்றுத்தரும், அது எந்தப் பாடம் என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏட்டில் இருந்த பாடத்தைக் கண்டுகொள்ளாத கதைக்குத் தூரம் போக வேண்டியதில்லை. 869-ஆம் ஆண்டு செண்டாய் சமவெளியில் கடல் ஏறி ஆயிரம் பேர் மூழ்கியதை அரசவை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. வயலைத் தோண்டினால் அந்தக் கடல்மணல் அடுக்கு கிடைக்கிறது என்று விஞ்ஞானிகள் 2011-க்கு இருபது வருடம் முன்பே காட்டியிருந்தார்கள். ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தை நடத்திய நிறுவனத்துக்குள்ளேயே 2008-இல் 15.7 மீட்டர் அலை வரலாம் என்று கணக்கு வந்தது. வைத்திருந்த நிலமட்டம் பத்து மீட்டர். அதே கரையில் ஓனகாவா நிலையத்தைக் கட்டிய வேறொரு நிறுவனத்தில், ஹிராய் யானோசுகே என்ற பொறியாளர் பழைய சுனாமிகளைச் சொல்லிப் பிடிவாதம் பிடித்ததால் தளம் 14.8 மீட்டரில் அமைந்தது. 2011-இல் அது தப்பித்தது. வீடிழந்த அக்கம்பக்கத்து ஜனங்கள் அணுமின் நிலையத்துக்குள்ளேயே போய்த் தங்கினார்கள்.

கேட்டுத் திருந்தியவர்களும் உண்டு. 2011-இல் என்.எச்.கே. தொலைக்காட்சி அறிவிப்பாளர்கள் வழக்கமான நிதானத்தோடு மேடான இடத்துக்குச் செல்லுமாறு கேட்டுக்கொண்டார்கள். அந்த நிதானமே அபாயத்தைச் சின்னதாகக் காட்டிவிட்டதோ என்று பிறகு யோசித்து, வாசகத்தையும் குரலையும் மாற்றிப் பயிற்சி எடுத்தார்கள். 2024 நோதோவில் அறிவிப்பாளர் கத்தினார். உடனே ஓடுங்கள், திரும்பிப் போகாதீர்கள், 2011-ஐ நினைத்துப் பாருங்கள் என்று தொண்டை கிழிய. ரியோகோகுவில் உட்கார்ந்திருந்த என் மகளே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

கடைசியாக என் தொழில் சம்பந்தமாக ஒன்று. 1968-இல் வடக்கே தோகாச்சி கடலில் வந்த பூகம்பத்தில் கான்கிரீட் பள்ளிக் கட்டடங்களின் தூண்கள் பக்கவாட்டில் வெடித்தன. உள்ளே நீளக் கம்பி போதுமான அளவு இருந்தது, அதைச் சுற்றிக் கட்டும் ரிங்கு மட்டும் எட்ட எட்ட இருந்தது. 1971-இல் தூணின் இரு முனைகளிலும் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு ரிங்கு என்று விதி வந்தது. இதே பாடம் நம் இந்தியத் தர விதியிலும் 1993 முதல் இருக்கிறது. 2001-இல் புஜ் பூகம்பத்தில் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தபோது, கீழே கார் நிறுத்தத் திறந்துவிட்ட தளத்தின் தூண்கள்தான் முதலில் போயின. அடுத்த வருடம் சென்னையை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏற்றினார்கள். அந்த வரைபடத்தில் கோவையும் மூன்றில்தான் இருந்தது.

ஆகவே, ஊரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கான்கிரீட் கொட்டுவதற்கு முன்னால் சைட்டுக்குப் போய்ப் பில்லர் கம்பியைப் பாருங்கள். பீமுக்கு மேலும் கீழும் ரிங்குகள் நெருக்கமாக இருக்கிறதா? ரிங்கின் நுனியை 90 டிகிரியில் சும்மா மடக்கி விட்டிருக்கிறார்களா, இல்லை 135 டிகிரிக்கு உள்பக்கமாக வளைத்திருக்கிறார்களா? சும்மா மடக்கியது ஆட்டத்தில் விரிந்துகொடுக்கும், உள்ளே வளைத்தது விடாமல் பிடிக்கும். கம்பி கட்டுகிறவர், "இதுக்கெல்லாம் யார் சார் இப்ப வளைக்கிறாங்க" என்பார். வளைக்கச் சொல்லுங்கள். கூடுதலாகப் பிடிப்பது அரை நாள் கூலிதான்.